இது என்று ஒரு வைரஸ்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து மேஜையைத் துடைத்தவுடன் எங்கள் வீடு விண்கலமாகிவிடும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. ஒருமுறை எங்கள் அடுக்ககத்துச் செயலாளர் மாடிப்படியில் மடக்கி, "ஞாயித்துக்கிழமையானா உங்க வீட்டுல ஒரே சத்தமா இருக்கே, சீட்டாட்டமா?" என்று கேட்டார். "இல்ல சார், வியாழனுக்குப் போயிட்டிருக்கோம்" என்றேன். "வியாழக்கிழமை போறதுக்கு இன்னிக்கே ஏன் சத்தம்?" என்றார் மனிதர். அதற்குமேல் அவரிடம் பேச எனக்குப் பொறுமை இல்லை. பொதுவாகவே எனக்குப் பொறுமை குறைச்சல். வீட்டில் கணக்கு டியூஷன் எடுப்பவளுக்கு இருக்க வேண்டிய அளவுகூடக் கிடையாது.

நாங்கள் ஆடுவது கதை விளையாட்டு. கட்டம் போட்ட அட்டையெல்லாம் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தப் பாத்திரத்தின் வாயால் பேசுவார்கள். "நான் கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், கதவு திறந்ததா, கை நசுங்கியதா என்று பகடை சொல்லும். கதையை நடத்துவது நான். ஆகையால் நான்தான் கப்பல். கப்பலின் குரல், கதவு, ஜன்னலுக்கு வெளியே முடிவில்லாமல் கிடக்கும் இருட்டு, எல்லாம் நான்தான்.

கப்பலில் மூன்று பேர். வைத்தியராக வருபவர் மயிலாப்பூரில் வயலின் சொல்லிக்கொடுக்கும் மாமி. கப்பலை ஓட்டுபவர் ஏ.சி. மெக்கானிக். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்து அரசாங்கம் குடும்பத்தோடு பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்ட பிறகும் ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வந்துவிடுவார். நான் வைத்த 'விமானி' என்ற பட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, "நம்பள டிரைவர்னே கூப்டு அண்ணி, அதான் கெத்தா கீது" என்று சொல்லிவிட்டார். மூன்றாமவர் என் வீட்டுக்காரர். அவர் கப்பலின் என்ஜினியர்.

வீட்டுக்காரருக்குத் தி. நகரில் ஒரு சந்துக்குள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. வாய் ஓயாத மனுஷன். ரிப்பேருக்குக் கொண்டுவந்தவர்கள் வந்த வேலையை மறந்துவிட்டு அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அவருக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. அவர் வேலை கற்றுக்கொண்ட ஃப்ளாப்பிக் காலத்தில் ஒரு வைரஸ் வந்ததாம். அது எதையும் அழிக்காது. திரையில் இருக்கும் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று கீழே விழுந்து அடியில் குவியும். "மொதல்ல ஒரு எழுத்துதான் விழும். நாம டைப் பண்ணதுல தப்புன்னு நெனச்சுப்போம். கவனிக்கறப்போ பாதி ஸ்க்ரீன் காலியா இருக்கும்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். கேட்பவர்கள் அவரவர் மடிக்கணினியைச் சந்தேகமாகப் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கதையை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அந்தக் கதையிலிருந்துதான் என் வைரஸ் பிறந்தது. எங்கள் கப்பலில் எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் ஒரு சில்லு பதித்திருக்கும். அது வழியாகத்தான் அவர்கள் கப்பலோடு பேசுவார்கள். வைரஸ் வந்தால் அந்தச் சில்லு வழியாக மண்டைக்குள் இறங்கும். விளையாட்டோடு வந்த விதிப் புத்தகத்திலும் சில வைரஸ்கள் இருந்தன. விளக்கை அணைக்கும், கதவைப் பூட்டும். அதைச் செய்ய எங்கள் அடுக்ககத்து ஜெனரேட்டரே போதும். எனக்கு அது ரசிக்கவில்லை. தமிழ் பேசுகிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு வைரஸ் வேண்டும் என்று யோசித்து யோசித்து, ஒரு நாள் அடுப்படியில் பிடித்துவிட்டேன். பொருள்களின் பெயரைத் தின்னும் வைரஸ். அது பிடித்தவருக்குக் கதவு, கம்பி, விளக்கு என்று எதன் பெயரும் வாயில் வராது. எல்லாவற்றுக்கும் 'இது'தான்.

"அந்த இதை எடுத்து இதுல வை" என்று சொல்லாத வாய் நம் ஊரில் உண்டா? சொல்பவர் பாட்டுக்குச் சொல்வார், கேட்பவரும் சரியாக எடுத்து வைப்பார். ஆகவே யாருக்கு வைரஸ், யாருக்கு வெறும் சோம்பேறித்தனம் என்று கண்டுபிடிக்க முடியாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, என்னை நானே மெச்சிக்கொண்டேன். வைரஸுக்கு 'இது' என்றே பெயர் வைத்தேன்.

விதியும் நான் வகுத்ததுதான். கதை தொடங்கும்போது ஆளுக்கொரு சுருக்குப்பை கொடுப்பேன். உள்ளே வெள்ளைச் சோழி இருந்தால் அவருக்கு ஒன்றுமில்லை. குண்டுமணி இருந்தால் அவருக்கு வைரஸ். அதை மறைத்துக்கொண்டு ஆட வேண்டும். அவரவர் பையை அவரவர் மட்டும் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் மற்ற இருவரும் சேர்ந்து கப்பலிடம், "இவருக்கு இது இருக்கா?" என்று கேட்கலாம். கேட்டுவிட்டால் கப்பல் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். இருக்கிறது என்றால் அந்த ஆளைப் பனி அறையில் படுக்க வைத்துவிடுவார்கள். கதை முடியும்வரை அவர் ஆட்டத்தில் கிடையாது. என் கதைகள் லேசில் முடியாது.

இதில் நான் ஒரு குயுக்தி செய்தேன். யாருக்கும் குண்டுமணி கொடுக்கவில்லை. மூன்று பையிலும் வெள்ளைச் சோழி. குண்டுமணியை என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு வைத்துக்கொண்டேன். வைரஸே இல்லாத கப்பலில் இவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு எவ்வளவு தூரம் போகிறார்கள் பார்ப்போம் என்று ஒரு கெட்ட ஆசை.

முதல் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. அதற்கடுத்த ஞாயிறு என்ஜின் அறையில் புகை. என் வீட்டுக்காரர் வழக்கம்போல் கையை ஆட்டி ஆட்டி, "நான் மொதல்ல அந்த... அந்த இதை மூடறேன். அப்புறம் இதுல இருந்து வர்ற இதை நிறுத்தறேன்" என்றார்.

டிரைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "மாட்டிக்கினே தல! மாமி, கேட்டுக்கினியா? ஒரே மூச்சுல மூணு இது!"

"பகவானே, எஞ்சினியருக்கா?" என்று மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவர் எப்போதும் பாத்திரத்தில் ஊறிப்போய்விடுவார். "இருங்கோ, அவசரப்பட வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் கவனிச்சுண்டு இருப்போம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கையில் வெள்ளைச் சோழியை வைத்துக்கொண்டு வைரஸ் வந்தவர் மாதிரி நடித்து மற்றவர்களைக் குழப்புகிறார் என்று நினைத்தேன். என்ன கெட்டிக்காரத்தனம்! ஆனால் கதை நடத்துகிறவளைக் கேட்காமல் செய்யலாமா? அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன். "என்னங்க, இது உங்க இஷ்டமா? ஒரு வார்த்த சொல்ல வேணாமா எங்கிட்ட?"

"என்ன பண்ணேன் நான்?" என்றார்.

"நடிப்ப என்கிட்ட வேற ஆரம்பிக்காதீங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "சரி இந்தாம்மா, காப்பி குடு" என்று சொல்லிவிட்டு பால்கனிப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வீட்டிலும் அது தொடர்ந்தது. "அந்த இது எங்க?" என்பார். சாவியாக இருக்கும், சீப்பாக இருக்கும், ரிமோட்டாக இருக்கும். என்னை வெறுப்பேற்றத்தான் ஒத்திகை பார்க்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மயிலாப்பூர் குளத்தங்கரைக் காய்கறிக் கடையில் கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் தொட்டு, "இது அரைக் கிலோ, இது கால் கிலோ" என்றார். அதில் என்ன தப்பு சொல்ல முடியும்? எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். நான் செய்த வைரஸ் கடைத்தெருவில் எல்லோர் வாயிலும் இருப்பது போலிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பெசன்ட் நகர் கடற்கரையில்தான் எனக்கு முதல்முதலாக ஒரு மாதிரி ஆனது. சாயங்காலம், நல்ல கூட்டம். நாங்கள் மணலில் உட்கார்ந்திருந்தோம். அவர் கடலைக் கைகாட்டி, "அந்தப் பெரிய தண்ணி இன்னிக்கு சத்தமா இருக்கு" என்றார். என் கதையில் என்ஜினியர் கப்பலிலேயே பிறந்தவர், கடலைப் பார்த்ததே இல்லாதவர். அதனால் அவர் பாத்திரமாகப் பேசுகிறார் என்று நானும் பதிலுக்குக் கப்பலின் குரலில், "அதற்குப் பெயர் கடல், என்ஜினியரே" என்றேன்.

அவர் திரும்பி, "கடல்" என்றார். இன்னொரு முறை, மெதுவாக, "கடல்" என்றார். அதைச் சொன்ன முகத்தில் விளையாட்டு இல்லை. தான் தவறவிட்ட பொருளை யாரோ எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறவர் முகம் மாதிரி இருந்தது. உடனே நானே, சீ, என்ன நினைப்பு இது என்று எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் கப்பலின் வைத்தியர் பரிசோதனை வைத்தார். மாமி வீட்டிலிருந்தே ஒரு கூடை நிறையச் சாமான் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார், எதிரில் இருப்பவர் பெயர் சொல்ல வேண்டும், யோசிக்கக் கூடாது. டிரைவர் கரண்டி, குடை, விபூதிச் சம்படம் என்று படபடவென்று சொல்லித் தேறினார். அப்புறம் என் வீட்டுக்காரர் முறை.

குடை என்று சொன்னார். கரண்டிக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பூட்டைப் பார்த்து, "இதை இப்படி போட்டா தொறக்காது" என்றார். மாமி குதூகலமாக, "பேர்! பேரைச் சொல்லுங்கோ!" என்றார். அப்போது டிரைவர் தன் தோள்பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேஜையில் வைத்தார்.

முப்பது வருஷத்துக்கு மேல் என் வீட்டுக்காரர் கையிலேயே இருந்த சாமான். சட்டைப் பையில் ஒன்று, கடையில் ஒன்பது, வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில்கூட ஒன்று கிடக்கும். அவர் அதை எடுத்தார். விரல்கள் தானாகச் சரியான இடத்தில் பிடித்தன. காற்றில் ஒரு திருகு திருகினார். "இது... திருகற... இது" என்றார்.

"மெர்சல் தல!" என்று டிரைவர் மேஜையைத் தட்டினார். "இன்னா ஆக்டிங்கு! வேர்வைகூட வர வெச்சிக்கீறயே, எப்டி நைனா?" மாமி கை தட்டினார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நாடகம் முடிந்து கைதட்டல் வாங்குகிறவர் மாதிரி தலையைக் குனிந்து கும்பிடு போட்டார்.

அவர் பையில் இருந்தது வெள்ளைச் சோழி. போட்டவள் நான். அவருக்கு வைரஸ் கிடையாது. அப்படியானால் அந்த மேஜையில் நடந்தது என்ன? உடம்பு சரியில்லை என்று சொல்லி ஆட்டத்தை அத்தோடு நிறுத்தினேன். நான் அடுப்படியில் நின்று விளையாட்டுக்குச் செய்த ஒன்று எப்படியோ வெளியே வந்து என் வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறது என்று ஒரு பயம். முட்டாள்தனமான பயம்தான். ஆனாலும் விதிகள் எழுதி வைத்திருந்த தாளைத் தொடக்கூட எனக்குக் கை வரவில்லை.

வந்தவர்கள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து குண்டுமணியை அவர் எதிரில் வைத்தேன். "இது என்கிட்டதாங்க இருக்கு. உங்களுக்குக் குடுக்கவே இல்ல."

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா அப்புறம் எதுக்கு?"

அவர் குண்டுமணியை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். அவ்வளவு பேசுகிற மனுஷன் ஒரு வாக்கியத்துக்கு வழி தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. "கடையில தப்பா சொன்னா ஒரு மாதிரி பாக்கறாங்க. ஃபோன்ல பேசவே பயமா இருக்கு. இங்க தப்பா சொன்னா..." என்று நிறுத்தினார். இரண்டு கையையும் தூக்கி மெல்லத் தட்டிக் காட்டினார். "இதை பண்றாங்க."

எனக்கு வந்த அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. "எத்தன நாளா? ஏன் என்கிட்ட சொல்லல? நான் என்ன பேயா பிசாசா?" என்று கத்தினேன். கோபம் வந்தால்தான் எனக்குப் பேச வரும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடையாறில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். படங்கள் காட்டிப் பெயர் கேட்டார்கள். எனக்கு அந்த அறையில் உட்கார முடியவில்லை, மாமியின் கூடைதான் கண் முன்னால் வந்தது. டாக்டர் நல்ல மாதிரி. மறைக்காமல் சொன்னார். பேச்சு இருக்கும் இடத்தில் தேய்மானம் தொடங்கியிருக்கிறது. பெயர்கள் முதலில் போகும். வேகமாகவும் போகலாம், மெதுவாகவும் போகலாம். போனதைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை. எதையும் நிறுத்த வேண்டாம், நாலு பேரோடு உட்கார்ந்து பேசுகிற எதுவும் நல்லது, தனியாக மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது பாலத்தில் நெரிசல். கீழே ஆறு அசையாமல் கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு, "வைரஸா இருந்தா எடுத்துடலாம் இந்தாம்மா" என்றார். "இது அது இல்ல." கொஞ்சம் கழித்து, "அவங்ககிட்ட சொல்லாத. பாவம்னு பாப்பாங்க. பாவம்னு பாத்தா அப்புறம் எப்படி ஆடறது? நானே சொல்ற வரைக்கும் விடு" என்றார். ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்றும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நான் சத்தியம் செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மேஜையைப் பார்த்த பிறகுதான் நான் மாட்டிக்கொண்டது புரிந்தது. அடுத்த ஞாயிறு அந்த இரண்டு பேரும் "இவருக்கு இது இருக்கா?" என்று கேட்கப்போகிறார்கள். கப்பல் உண்மையைச் சொல்ல வேண்டும். 'இருக்கிறது' என்றால் பனி அறை. அவர் மேஜையை விட்டு எழுந்து உள்ளே போய்த் தனியாக உட்கார வேண்டியதுதான். 'இல்லை' என்றால், வைரஸ் இல்லாமலே இத்தனை நாள் ஏன் தடுமாறினார் என்று அந்த நிமிஷமே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். யாரையோ சிக்க வைக்க நான் போட்ட விதி என் கழுத்தையே பிடித்தது.

இழுத்தடித்தேன். ஒரு வாரம் விண்கல் மழை பெய்ய வைத்தேன். ஒரு வாரம் எரிபொருள் ஒழுகியது. ஒரு வாரம் வெளியிலிருந்து யாரோ கப்பல் கதவைத் தட்டினார்கள். யார் என்று எனக்கே தெரியாது, வாயில் வந்ததைச் சொன்னேன். தட்டுகிற சத்தத்துக்காக நான் மேஜையின் அடியில் விரலால் தட்ட, அவர் மட்டும் நிஜமாகவே வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு மாமிக்கே கொஞ்சம் உதறல் எடுத்துவிட்டது.

"இன்னா அண்ணி, ஜவ்வு மாரி இய்த்துக்கினே போற?" என்று டிரைவர் கோபித்துக்கொண்டார். "தலைக்கு வைரஸுன்னு தெரிஞ்சுபூட்சு. கேட்டு முடிச்சுக்கலாம்."

அதற்கடுத்த ஞாயிறு நல்ல மழை. மந்தைவெளி முழுக்கத் தண்ணீர். வரமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டு பேரும் முழங்கால்வரை நனைந்துகொண்டு வந்து நின்றார்கள். வந்ததும் வராததுமாக மாமி முந்தானையைப் பிழிந்துவிட்டு, "இன்னிக்குக் கேட்டுடறதுன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். இல்லாட்டா நேக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கறது" என்றார்.

உட்கார்ந்தோம். மின்சாரம் போயிருந்தது. மதியம் மூன்று மணிக்கே கூடம் மங்கலாக இருந்தது. டிரைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மாமி வைத்தியரின் குரலில், "கப்பலே, கேக்கறோம். நம்ம எஞ்சினியருக்கு இது இருக்கா?" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகத் தயாராகி நாற்காலியை ஏற்கெனவே கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தார். அந்த நாற்காலி நகர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. யார் மேல் ஆத்திரம் என்றும் தெரியவில்லை.

"இல்லை" என்றேன் கப்பலின் குரலில். "என்ஜினியருக்கு வைரஸ் இல்லை."

டிரைவர் வாயைத் திறந்தார். மாமி மெல்ல என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பல் முடிவதற்குள் நான் பேசிவிட வேண்டும்.

"வைரஸ் எனக்கு" என்றேன். "கப்பலுக்கு. உங்கள் காதுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருப்பது நான். உங்கள் சொற்கள் எல்லாம் என் வழியாகத்தான் போகின்றன. என்ஜினியர் என் நெஞ்சுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர், அதனால் முதலில் பட்டது அவர் மேல். இப்போது உங்கள் மேலும் பட்டுவிட்டது. இந்த நிமிஷத்திலிருந்து இந்தக் கப்பலில் யாருக்கும் எதன் பெயரும் வராது."

டிரைவர் கையைத் தடவிக்கொண்டு, "ஐயோ, புல்லரிச்சுப்பூட்சு அண்ணி. அப்போ இத்தினி நாளும் நீதானா பேசிக்கினு இருந்தது?" என்றார்.

"பெயர் சொல்லக்கூடாது டிரைவர். ஆட்டம் ஆரம்பித்துவிட்டது" என்றேன்.

ஆரம்பித்தது. மாமி, "அந்த இதை... ஐயோ, இதைக் குடுங்கோ, நேக்கு இதுல இது" என்று தவித்தார். அவருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் உடனே புரிந்தது. டிரைவர் கப்பலைத் திருப்பச் சொல்ல வழி தெரியாமல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு விழித்தார். என் வீட்டுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இதை இப்படி பிடி. மூஞ்சியால சொல்லு. கையால சொல்லு. பாரு, இப்படி" என்று காட்டினார். அந்தப் பாஷையில் அவர்தான் எல்லோரையும்விடத் தெளிவாகப் பேசினார். பழைய ஆள் மாதிரி, கடையில் பத்துப் பேரை நிற்க வைத்துப் பேசுகிற ஆள் மாதிரி, இருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டேன். நானும் சிரித்தேன்.

மாமிக்கு உற்சாகம் தாங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைக் கைகாட்டி, "இது யாரு? இதை மட்டும் சொல்லிட்டேள்னா வைரஸ் போயிடும்னு வெச்சுப்போம்" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

டிரைவர் பிடித்துக்கொண்டார். "அட ஆமா தல! இத்தினி வர்ஷமா வந்துக்கினு போய்க்கினு கீறேன், அண்ணி பேர நீ சொல்லி நான் கேட்டதே இல்ல. சொல்லு, கேப்போம்!"

உண்மைதான். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் 'இந்தாம்மா'தான். அவர் குடும்பத்தில் ஆம்பளைகள் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிள்ளைகள் இருந்தாலாவது 'இன்னாரோட அம்மா' என்று ஆகியிருப்பேன், அதுவும் இல்லை. நான் அதை ஒரு குறையாக நினைத்ததே கிடையாது. அன்றைக்குத்தான், அந்த இருட்டுக் கூடத்தில், அவர் வாயால் என் பெயரை ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் என்று வெறி மாதிரி வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"இது" என்றார். "என்னோட இது."

டிரைவர் விசிலடித்தார். "அடடா, எவ்ளோ அழகா சொல்லிட்டார்! பேரைவிட இதுன்னா நன்னாருக்கு!" என்று மாமி என் தோளைப் பிடித்து உலுக்கினார். என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

நான் அந்தக் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டாரா, தேடிப் பார்த்துக் கிடைக்காமல் விட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. இதற்கு முன் ஒரு தடவையாவது அவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால், இருக்கிறதா போய்விட்டதா என்று கண்டுபிடித்திருப்பேன். அவர்கள் போன பிறகு கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். பயமாக இருந்தது, கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.